போன தட்டு போனதுதான்!

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணி. 18,540 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 15,840 என்று அடித்துவிடுகிறீர்கள். மேனேஜர் கண்ணாடிக்கு மேல் வழியாகப் பார்க்கிறார். "என்ன தம்பி, ராத்திரி சரியாத் தூங்கலையா?" என்கிறார். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் அவர் அதை மறந்துவிட்டு டீக்குச் சொல்லிவிடுகிறார்.

நீங்கள் மறக்கவில்லை. 'என்னைப் பார்த்து எப்படிக் கேட்கலாம்?' என்று உள்ளுக்குள் வெந்துகொண்டே அடுத்த பக்கத்தை அடிக்கிறீர்கள். அதில் இரண்டு தப்பு. அதைப் பார்த்து வந்த பயத்தில் இன்னொன்று. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் மொத்தம் எட்டு! இதில் பத்தேகால் மணித் தப்பு ஒன்றுதான் உங்களுடையது. பாக்கி ஏழும் அதன் வாரிசுகள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த எட்டும் நான் செய்ததுதான். பி.காம். முடித்துக் கணக்கு எழுதிப் பிழைத்த காலத்தில்! 18,540-க்கும் 15,840-க்கும் வித்தியாசம் 2,700. ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். அப்படி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். தப்பைக் கண்டுபிடிக்க வழி சொன்னவர்கள், கண்டுபிடித்த பிறகு அதைத் தலையிலிருந்து எப்படி இறக்கி வைப்பது என்று சொல்லவில்லை. அது சிலபஸில் இல்லை.

அந்தப் பாடத்தை எனக்கு நடத்தியது ஒரு துப்பாக்கி. பயப்படாதீர்கள். மேனேஜரைச் சுடச் சொல்லப் போவதில்லை. நான் சொல்வது, பறக்கிற தட்டைச் சுடுகிற விளையாட்டு. ஒலிம்பிக்ஸில் அதற்கு 'ட்ராப்' என்று பெயர்.

2024 ஜூலை கடைசி. பாரீஸ் ஒலிம்பிக்ஸ். (பெயர்தான் பாரீஸ். துப்பாக்கிப் போட்டிகள் நடந்தது அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஷாத்தோரூ என்ற ஊரில். நம்ம ஊரில் 'பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில் மனை' என்று விளம்பரம் செய்வார்களே, அது மாதிரி!) ஆண்கள் ட்ராப் போட்டியில் இந்தியா சார்பில் நின்றவர் ஒரே ஒருவர். பிருத்விராஜ் தொண்டைமான். நம்ம புதுக்கோட்டைக்காரர். 1948 வரை சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான் வம்சம். அம்மா சாருபாலா தொண்டைமான் திருச்சி மேயராக இருந்தவர்.

எனக்குச் சொந்த ஊர் பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம். 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமாகப் பிரியும் வரை அவர்களும் நாங்களும் ஒரே திருச்சி மாவட்டம். எனவே தொண்டைமான் என் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. ஜெயிக்கிறவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய சொந்தம் கூடச் செல்லும்.

ஆனால், முதல் நாள் அவர் ஜெயிக்கவில்லை. 75 தட்டுக்கு 68. 'நூற்றுக்குத் தொண்ணூறு! பையன் டிஸ்டிங்ஷன்!' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். பிறகு பட்டியலைப் பார்த்தேன். முப்பது பேரில் முப்பதாவது இடம்!

நமக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் மார்க், அங்கே கடைசி பெஞ்ச். அப்படி ஒரு விளையாட்டு அது. ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ள, அது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு கோட்டில் ஐந்து நிலைகள். எதிரே 15 மீட்டர் தள்ளித் தரையோடு தரையாக ஒரு பள்ளம். அதற்குள் ஒவ்வொரு நிலைக்கும் மூன்று வீதம் 15 எறியும் மெஷின்கள். நீங்கள் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குரல் கொடுத்தால், மைக் அதைக் கேட்டு உடனே ஒரு தட்டை வீசும். இடதா, வலதா, நேரா என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு. பத்து இடது, பத்து வலது, ஐந்து நேர். எந்த வரிசையில் என்பதுதான் ரகசியம். மனைவியின் மூடு மாதிரி என்று எழுதலாம்தான். வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்பதால் எழுதவில்லை.

அந்தத் தட்டு 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. 'களிமண் தட்டு' என்று பெயர். களிமண் துளியும் கிடையாது. தாரும் சுண்ணாம்புக்கல் தூளும். ஆரம்ப காலத்தில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுத்தான் சுட்டார்கள். 1880 வாக்கில் அமெரிக்காவில் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண்ணில் தட்டு செய்தார். புறாக்கள் பிழைத்தன. பிற்பாடு களிமண்ணும் போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தட்டு கிளம்புகிற வேகம் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 28 மீட்டர். துப்பாக்கி ரவை 35 மீட்டர் போய்ச் சேர, பத்தில் ஒரு பங்கு விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். அதற்குள் தட்டு சுமார் இரண்டு மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே, தட்டைப் பார்த்து, தட்டையே சுட்டால் தட்டு உடையாது. அது போகப்போகிற இடத்தைச் சுட வேண்டும். யோசிக்க நேரம்? குரல் கொடுத்ததிலிருந்து ஒரு விநாடிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா அனுமதி என்பது மட்டும் ஒரு சலுகை.

இப்படி இரண்டு நாளில் 125 தட்டு. அதில் 120-க்கு மேல் உடைப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் முதல் நாளே ஏழு தட்டை விட்டவருக்குப் பதக்கக் கதவு கிட்டத்தட்ட சாத்தப்பட்டுவிட்டது.

ஜூலை 30, இரண்டாம் நாள். பாக்கி இரண்டு ரவுண்டு, 50 தட்டு. முதல் ரவுண்டு 25-க்கு 25. அடுத்த ரவுண்டும் 25-க்கு 25. ஐம்பதுக்கு ஐம்பது! ஒரு தட்டு கூடத் தப்பவில்லை. மொத்தம் 118. முப்பதாவது இடத்திலிருந்து இருபத்தொன்றாவது இடம். பதக்கம் இல்லை. தங்கம் இங்கிலாந்தின் நேதன் ஹேல்ஸுக்குப் போனது. மறுநாள் நம்ம ஊர்ப் பேப்பரில் தொண்டைமானுக்கு நாலு வரி. 'வாய்ப்பை இழந்தார்' என்று.

எனக்கு அந்த நாலு வரி போதவில்லை. நேற்று கடைசி ஆளாக நின்ற மனிதர். வயது 37. முதல் ஒலிம்பிக்ஸ். இனி ஐம்பதும் அடித்தாலும் மேடை ஏறுவது ஏறக்குறைய நடக்காத காரியம். நானாக இருந்தால் ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு அந்த ஏழு தட்டையும் மறுபடி மறுபடி சுட்டுக்கொண்டிருப்பேன். காலையில் 'ஏதோ கடமைக்கு' என்று போய்ப் பத்து தட்டைக் கோட்டை விட்டிருப்பேன். அவர் மனதில் என்ன ஓடியது என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஸ்கோர் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்கிறேன்: நேற்றைய ஏழு தட்டில் ஒன்று கூட அவரோடு இரண்டாம் நாள் மைதானத்துக்கு வரவில்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2023 அக்டோபர் 1, ஹாங்சோ ஆசிய விளையாட்டு. அங்கே இதே தொண்டைமான் எடுத்தது 119. கைனன் செனாய் 122, ஜோராவர் சிங் சந்து 120. மூன்றும் சேர்த்து 361. அணிக்குத் தங்கம்! ஹாங்சோவில் 119, அணியோடு சேர்ந்து தங்கம். பாரீஸில் தனியாக 118, இருபத்தொன்றாவது இடம். மனிதர் ஒருவரே, வித்தியாசம் ஒரே ஒரு தட்டு. மார்க்கை மட்டும் பார்த்து மனுஷனை எடை போடுகிறவர்கள் இந்தக் கணக்கை எப்படி டேலி செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

'இதெல்லாம் ராஜா வீட்டு விளையாட்டு சார், நமக்கெதுக்கு?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். இந்தியாவில் இந்த விளையாட்டைப் பிரபலமாக்கியவரே ஒரு மகாராஜா. பிகானீர் கர்ணி சிங். ஐந்து ஒலிம்பிக்ஸ் ஆடியவர். 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். ஆனால், 2004-ல் ஏதென்ஸில் டபுள் ட்ராப்பில் வெள்ளி வாங்கிய ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் சம்பளம் வாங்கும் ராணுவ அதிகாரி. இருந்தாலும், தோட்டா விலையை விசாரித்தபோது எனக்கு வீட்டு மளிகை லிஸ்ட்தான் கண்முன் வந்தது. எங்கள் பட்ஜெட்டுக்கு ரவை என்றால் உப்புமா ரவைதான்.

எனவே நான் இந்த வித்தையைச் செட்டிகுளத்தில், உண்டிவில்லில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட காரணம் என் அக்கா மகன்.

எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறீர்களா? மலை மேல் தண்டாயுதபாணி, கையில் கரும்போடு நிற்கிறார். அடிவாரத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சின்ன வெங்காயம். அக்கா வீட்டிலும் வெங்காயம்தான். அவர்கள் பையனுக்கு வயது இருபத்து நாலு. பாங்க் கிளார்க் பரீட்சை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டான். இந்தத் தடவையும் இல்லையென்றால் ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டிச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிடலாம் என்று அத்தான் முடிவு செய்துவிட்டார். நிலத்தை அடமானம் வைத்துத்தான் பணம். அக்கா போனில் அழுதாள். "நீ வந்து அவன்கிட்ட பேசுடா. எங்ககிட்ட வாயே தொறக்க மாட்டேங்கிறான்."

போனேன். பையன் மொட்டை மாடியில் உட்கார்ந்து போனில் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். 100 கேள்வி, 60 நிமிடம். ஒரு கேள்விக்கு 36 விநாடி. தப்பு விடைக்குக் கால் மார்க் கழிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். முதல் பதினொரு கேள்வி வெண்ணெய் மாதிரிப் போயிற்று. பன்னிரண்டாவதில் மாட்டிக்கொண்டான். ஏதோ எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கு எதிரே யார் என்று ஒரு புதிர். நாலு நிமிடம் போராடி, கோபத்தில் எதையோ அமுக்கினான். அதற்குப் பிறகு அவன் எழுதியது பரீட்சையே இல்லை. பழிவாங்கல். தெரிந்த கேள்வியெல்லாம் தப்பு.

எனக்கு என்னுடைய பத்தேகால் மணி ஞாபகம் வந்தது. பையனுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. பன்னிரண்டாவது தட்டைத் தோளில் சுமந்துகொண்டே பாக்கி எண்பத்தெட்டையும் சுடுகிறான்.

தொண்டைமான் கதையைச் சொன்னேன். "மாமா, அவர் ஒலிம்பிக் பிளேயர். நான் அரியர் பிளேயர்" என்றான். வாய் திறந்துவிட்டான்! அதுவே பாதி வெற்றி.

மீதிப் பாதிக்குப் பெரியப்பாவைப் பிடித்தேன். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. சின்ன வயசில் சோளக் கொல்லையில் பரண் மேல் நின்று கவண் வீசியவர். கிளியை அடிக்க அல்ல, விரட்ட. கல் கிளிக்கு முன்னால் ஒரு முழம் தள்ளிப் பறக்க வேண்டும், கிளி பயந்து திரும்ப வேண்டும். அதுதான் கணக்கு. பிருத்விராஜுக்குப் பயிற்சியாளர்கள் இருந்திருப்பார்கள். எங்களுக்குப் பெரியப்பா.

கொய்யாக் கவட்டையில் சைக்கிள் டியூப் கட்டி உண்டிவில் தயார். களிமண் உருண்டை பிடித்து வெயிலில் காய வைத்தோம். இது அசல் களிமண்! தட்டுக்குப் பதில் கொட்டாங்குச்சி. அறுவடை முடிந்து காலியாகக் கிடந்த கொல்லையைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் எங்களுக்குப் பின்னாலிருந்து வீசுவான். நாங்கள் அடிக்க வேண்டும். அடித்தோமா? முதல் இருபதில் நான் அடித்தது, கொல்லை ஓரத்தில் இருந்த ஒரு பிளாஸ்டிக் குடத்தை மட்டும். 'டொம்'மென்று நல்ல சத்தம்.

பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"தம்பி, நீ கொட்டாங்குச்சியப் பாக்கல. கவட்டையப் பாக்கற."

உண்மை. குறி சரியாக இருக்கிறதா என்று கவட்டையைப் பார்க்கிற அந்தக் கணத்தில் கொட்டாங்குச்சி பறந்துவிடுகிறது. துப்பாக்கியிலும் இதே பாடம்தான். குழல் நுனியில் இருக்கும் மணியைப் பார்க்காதே, தட்டின் முன் விளிம்பைப் பார். துப்பாக்கி கண் போகிற இடத்துக்குத் தானாகப் போகும் என்பார்கள். நாம் பந்தைப் பிடிக்கும்போது கையையா பார்க்கிறோம்?

"கிளி இருக்கற எடத்துல அடிச்சா, கல்லு போய்ச் சேரும்போது கிளி பக்கத்துக் கொல்லையில இருக்கும். முன்னால அடி. அடிச்சதும் கைய நிறுத்தாதே, கூடவே போவட்டும்."

இது இரண்டாவது பாடம். அடிக்கிற நொடியில் கை நின்றுவிட்டால், உண்டை தட்டுக்குப் பின்னால் போகும். சுட்ட பிறகும் குழல் தட்டின் பாதையிலேயே கொஞ்சம் தூரம் ஓட வேண்டும் என்பதுதான் ட்ராப் வீரர்களின் அரிச்சுவடி. மூன்றாவது, தலை. பட்டதா இல்லையா என்று பார்க்கிற அவசரத்தில் தலையை ஒரு அங்குலம் தூக்கினோம் என்றால் முடிந்தது. துப்பாக்கிக் கட்டையோடு கன்னம் ஒட்டியிருக்கும்போதுதான் கண்ணும் குழலும் ஒரே கோட்டில் இருக்கும். கன்னம் விலகினால் ரவை தட்டுக்கு மேலே போய்விடும். ரிசல்ட்டை எட்டிப் பார்ப்பவனுக்கு ரிசல்ட் இல்லை! இதைப் பரீட்சை எழுதுகிறவர்கள் எல்லாரும் மேஜை மேல் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

மூன்று நாளில் எங்களுக்குக் கை படிந்துவிட்டது. பத்துக்கு நாலு, ஐந்து என்று பட ஆரம்பித்தது. அங்கேதான் நிஜமான வில்லன் வந்தான். மனசு.

நாலாம் நாள் போட்டி வைத்தோம். ஆளுக்குப் பத்து. தோற்றவர் ஜெயித்தவருக்குப் பரோட்டா வாங்கித் தர வேண்டும். நான் வரிசையாக ஆறு அடித்தேன்! ஏழாவதுக்கு வில்லை இழுக்கும்போதே என் மனதில் ஒரு சினிமா ஓட ஆரம்பித்தது. பத்துக்குப் பத்து அடித்தால் அக்கா என்ன சொல்வாள், இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாமே, தலைப்பு என்ன வைக்கலாம்... ஏழாவது போயிற்று. 'சே, இப்படிக் கோட்டை விட்டோமே' என்று எட்டாவது. 'இன்னும் ரெண்டுதான் பாக்கி' என்று ஒன்பது, பத்து. கடைசி நாலும் காலி.

கவனியுங்கள். ஏழாவது போனது வரப்போவதை நினைத்ததால். எட்டாவது போனது போனதை நினைத்ததால். அந்த நாலு தட்டில் ஒன்றுகூட, அது பறந்துகொண்டிருந்தபோது என் மனதில் இல்லை.

பையன் முறை. முதல் மூன்றும் தவறிவிட்டது. முகம் சிவந்தது. மொட்டை மாடியில் பார்த்த அதே முகம். வில்லைக் கீழே போடப் போனான். பெரியப்பா கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார்.

"டேய், போன கிளிக்கு எவனாச்சும் கல்லு எடுப்பானா? நான் பரண் மேல நின்னப்போ, ஒண்ணு தப்பிச்சுப் போச்சுன்னா அது பின்னாலயேவா பாத்துக்கிட்டு நின்னேன்? அந்தப் பக்கம் பாத்தா இந்தப் பக்கம் பத்து எறங்கிடும். போன கிளி போச்சு. வர்ற கிளிக்குக் கல்லு எடு!"

பையன் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். குனிந்து ஒரு உண்டை எடுத்தான். துடைத்தான். பொடியனைப் பார்த்துத் தலையசைத்தான். அடுத்த ஏழில் ஐந்து அடித்தான். மொத்தம் ஐந்து. நான் ஆறு. போட்டியில் நான்தான் ஜெயித்தேன். ஆனால், பரோட்டா நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

அன்று ராத்திரி பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே ட்ராப் போட்டி வீடியோக்களைப் போனில் போட்டுப் பார்த்தோம். ஆறு பேர் ஒரு குழு. ஒருவர் சுட்டதும் அடுத்தவர் முறை. சுற்றி மறுபடி வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நல்ல வீரர் தட்டை உடைத்தாலும் சரி, விட்டாலும் சரி, அடுத்துச் செய்வது ஒன்றேதான். துப்பாக்கியை மடக்குவார். காலித் தோட்டா புகையோடு வெளியே துள்ளி விழும். அடுத்த நிலைக்கு நடப்பார். புதுத் தோட்டா போடுவார். கால் வைக்கிற இடம், மூச்சு, துப்பாக்கியைத் தூக்குகிற விதம், கண் நிலைக்கிற இடம், குரல். முதல் தட்டுக்குச் செய்ததே 125-வது தட்டுக்கும். அர்ச்சகர் தீபாராதனை காட்டுகிற மாதிரி ஒரு ஒழுங்கு.

ஏன் இந்தச் சடங்கு? மனசு சும்மா இருக்காது. சும்மா விட்டால் ஒன்று பின்னால் போகும், இல்லை முன்னால் போகும். அதன் கையில் ஒரு சின்ன வேலையைக் கொடுத்துவிட்டால் இங்கேயே இருக்கும். 'நினைக்காதே' என்று சொன்னால் மனசு கேட்காது. 'இதைச் செய்' என்று சொன்னால் கேட்கும்.

தப்பு நடந்ததையே மறந்துவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. எங்கே தவறியது என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால், ரவுண்டு முடிந்த பிறகு, நோட்டுப் புத்தகத்தில். ரவுண்டுக்கு நடுவில் வக்கீல் வைத்து விசாரித்தால், தீர்ப்பு வருவதற்குள் பாக்கித் தட்டெல்லாம் பறந்துவிடும்.

பையனுக்கும் ஒரு சடங்கு தயாரித்தோம். ஒரு கேள்வி மாட்டினால் ஒரு நிமிடம்தான். அதற்கு மேல் போனால் பேனா மூடியைக் கழற்றி மாட்ட வேண்டும். 'டக்' என்று சத்தம் வரும். அதுதான் காலித் தோட்டா விழுகிற சத்தம். ஒரு மூச்சு. அடுத்த கேள்வியின் முதல் வார்த்தையை உதட்டுக்குள் படிக்க வேண்டும். அவ்வளவுதான். பரீட்சை ஹாலில் என்ன பேனா கொடுப்பார்களோ என்று பயந்து, மூடி இல்லாத பேனாவுக்கு என்ன செய்வது என்று தனியாக ஒரு மாற்று ஏற்பாடும் செய்தோம்: கால் கட்டை விரலை ஒரு அமுக்கு.

நீங்களும் ஆபீஸில் செய்து பார்க்கலாம். பத்தேகாலுக்குத் தப்பு நடந்ததா? திருத்துங்கள். 'சாரி சார்' சொல்லுங்கள். நாற்காலியை ஒரு அங்குலம் பின்னால் தள்ளி மறுபடி இழுத்துப் போடுங்கள். அடுத்த எண்ணை வாய்க்குள் ஒரு தரம் படித்துவிட்டு அடியுங்கள். மேனேஜர் ஏன் அப்படிக் கேட்டார் என்ற விசாரணையைச் சாயங்காலம் டீக்கடைக்குத் தள்ளி வையுங்கள். டீ வருவதற்குள் அந்த வழக்கு பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும்.

பரீட்சை முடிந்து பையன் ஹால் வாசலிலிருந்தே போன் செய்தான்.

"எப்படிடா?"

"பதினாலாவது கேள்வி போச்சு மாமா. அதே வட்டமா உக்காந்திருக்கற எட்டுப் பேர். இந்தத் தடவையும் மாட்டிக்கிட்டேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடமானம் வைக்கப்போகிற நிலம் கண்முன் வந்தது. "அப்புறம்?" என்றேன்.

"பேனாவுக்கு மூடி இல்ல. கட்டை விரலை அமுக்கிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். பதினஞ்சாவதுலேர்ந்து கடைசி வரைக்கும் எல்லாம் நான்தான் மாமா எழுதினேன்."

இதை எழுதுகிற வரைக்கும் ரிசல்ட் வரவில்லை. வந்தால் வருகிறபடி வரட்டும். அத்தான் ஏஜென்ட்டிடம் 'கொஞ்சம் பொறுங்க' என்று சொல்லி வைத்திருக்கிறார். ஐம்பதுக்கு ஐம்பது அடித்தும் இருபத்தொன்றாவதாக வந்த மனிதரை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தெரியாமலேயே செட்டிகுளத்தில் ஒரு பையனை அவர் மறுபடி உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறார். நாலு வரிச் செய்தியில் அது வராது.

பெரியப்பாவிடம் பையன் சொன்னதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில் கேட்டார்:

"அது சரி தம்பி, அந்தக் குடத்துக்கு எப்ப காசு குடுக்கப் போற?"

எனக்கு மறந்தே போயிருந்தது. போன தட்டு போனதுதான் பெரியப்பா என்றேன்.

"தட்டு போனதுதான். குடம் போவலை. ஓட்டையோட அங்கயே இருக்கு" என்றார்.